காவிரியின் பெருங்கெண்டையும் தூண்டிற்காரர்களின் பதிவேடும்

கல்லணையில் பிரிந்து, தஞ்சாவூர் வட்டாரத்தில் இன்றும் புது ஆறு என்று வழங்கப்படும் கல்லணைக் கால்வாய், ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடி, புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்திலுள்ள மும்பாலை ஏரியில் முடிகிறது. காவிரி–மேட்டூர்த் திட்டத்தின் ஓர் அங்கமாக மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் பயன்பாட்டுக்கு வந்த இக்கால்வாய்க்கு முன், தென் வெள்ளாற்றின் பருவ வெள்ளத்தையும் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி, கண்மாய்களையும் நம்பியிருந்த இக்கடலோரப் பகுதி, அதன் பின்னரே காவிரியின் கடைமடை, அதாவது பாசனத்தில் கடைசியாக நீர் பெறும் நிலம், என்னும் பெயருக்கு உரியதாயிற்று. மேட்டூரில் திறந்த நீர் கடைமடை வரை வருமா என்னும் கேள்வி மணமேல்குடி உழவர்களுக்கு ஆண்டுதோறும் உரியது. அந்த நீரைத் தேக்கிய அணைகள், ஆற்றின் மேற்பகுதியில் வாழ்ந்த ஒரு பெருமீனுக்கும் அதைத் தூண்டிலால் பிடிப்பதையே விளையாட்டாகக் கொண்ட ஒரு கூட்டத்துக்கும் என்ன செய்தன என்பது பாசன வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. ஆயினும் அது அதே நீரின் வரலாறுதான்.

அந்த மீன் மகசீர் என்று இன்று பரவலாக அறியப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மீனியல் நூல்கள் அதற்குப் பொம்மீன், பூமீன் கெண்டை ஆகிய தமிழ்ப் பெயர்களைக் குறித்துள்ளன. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீனுக்கு உள்ளங்கையளவு செதில்களும், தடித்த உதடுகளும், வாயோரத்தில் இரண்டு இணை மீசைகளும் உண்டு. தாடையில் பல் இல்லை. ஆனால் தொண்டையின் உள்ளே அமைந்த பற்களால் நண்டின் ஓட்டையும் கொட்டைகளையும் நொறுக்கும். மழைக்காலப் புதுவெள்ளத்தில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி, மேற்பகுதிக் கிளையாறுகளின் கூழாங்கல் படுகைகளில் முட்டையிடுவது இந்த இனத்தின் இயல்பாகும். காவிரிக்கே உரிய வகையில், தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் உயர்ந்திருப்பதால், அது திமில் மகசீர் என்று பிரித்துக் கூறப்பட்டது. மணமேல்குடியில் பிறந்தவரென்று பெரியபுராண மரபு கூறும் குலச்சிறை நாயனார் அமைச்சராக இருந்த பாண்டிய அரசின் இலச்சினையிலுள்ள இணைக்கயலையும் இதே பெருங்குடும்பத்து மீன்களாகக் கொள்வது வழக்கம். ஆயினும் பாண்டியர் இலச்சினையில் மகசீரைத் தேடுவது மிகையாகிவிடும்.

ஆற்று மீனைத் தூண்டிலில் பிடித்துப் பொழுதுபோக்கும் வழக்கத்தை ஆங்கிலேயர்தாம் இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர் என்று கருதப்படுவதுண்டு. ஆனால் கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு 1126 முதல் 1138 வரை ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரில் வழங்கும் மானசோல்லாசம் என்னும் வடமொழிக் கலைக்களஞ்சியத்தில், மீன்பிடித்தலை அரசனின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாக விளக்கும் தனிப்பகுதி இருக்கிறது. மீன்களின் வகைகள், அவற்றைக் குறித்த இடத்துக்குப் பழக்க இடவேண்டிய இரைகள், தூண்டிற்கோலும் கயிறும் அமையவேண்டிய முறை ஆகியவை அதில் நிரல்படக் கூறப்படுகின்றன. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த மீனியலாளர் சுந்தர்லால் ஹோரா 1951இல் இப்பகுதியை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே அது அறிவியலார் கவனத்துக்கு வந்தது. எனினும் அரசவையின் அந்த விளையாட்டுக்கும் பிற்காலத்தில் காவிரிக்கரையில் கூடாரம் அடித்த ஆங்கிலேயரின் விளையாட்டுக்கும் இடையே தொடர்ச்சி எதுவும் தென்படவில்லை. முன்னது ஏட்டோடு நின்றது. பின்னது வேறொரு நாட்டு ஆறுகளின் பழக்கத்திலிருந்து வந்தது.

இங்கிலாந்தில் சால்மன், டிரவுட் முதலிய மீன்களைப் பிடிப்பது செல்வர்களுக்குரிய விளையாட்டாகவும், பிற நன்னீர் மீன்களைப் பிடிப்பது தாழ்ந்த வகைத் தூண்டிலாகவும் பிரிக்கப்பட்டிருந்தன. பின்னதில் முதன்மை பெற்றது பார்பெல் என்னும் மீசைக் கெண்டை. தேம்ஸ், டிரென்ட் போன்ற ஆறுகளின் அடிப்படுகையில் மேயும் இம்மீனுக்கு, ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட புகழ்பெற்ற தூண்டில் நூலில் தனி இயலே உண்டு. இந்திய மகசீரின் மீசையைக் கண்ட மேலைநாட்டு மீனியலார் நெடுங்காலம் அதையும் பார்பெலின் பேரினத்திலேயே வைத்திருந்தனர். தாயகத்தில் தாழ்ந்த வகையாகக் கருதப்பட்ட மீனின் உறவினத்தை இந்தியாவில் சால்மனுக்கும் மேலான விளையாட்டு மீன் என்று அவர்களே போற்றியதற்கு மீனின் வலிமை மட்டும் காரணமன்று. லண்டனிலிருந்து பல வாரப் பயணத் தொலைவில், மாவட்டத் தலைமையகம் ஒன்றில் தனித்திருந்த ஆட்சியருக்கோ படை அலுவலருக்கோ, தாயகத்தில் பெருநிலக்கிழார்க்கு மட்டுமே கிட்டிய ஒரு மதிப்பை மகசீர் அளித்தது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இவ்விளையாட்டுக்கு நூல் வடிவம் தந்தவர் சென்னை மாகாண ஆட்சிப் பணியைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். தென் கன்னட மாவட்டத்தில் பணியாற்றியபோது ஆற்று மீன்களின் பெருக்கத்தையும் அழிவையும் ஆராய்ந்த அவர், இந்தியத் தூண்டிற்கோலைப் பற்றிய தமது நூலை 1873இல் மங்களூரில் வெளியிட்டார். அது 1881லும் 1897லும் விரிவாக்கப்பட்டு மறுபதிப்புக் கண்டது. மகசீர் எங்கே நிற்கும், எந்த நீர் நிறத்தில் இரையெடுக்கும், எத்தகைய கொக்கியை நசுக்கிவிடும் என்பனவற்றை அந்நூல் விரிவாகப் பேசுகிறது. ஏரி, குளங்களில் தூண்டிலிடுவது பற்றி 1887இல் அவர் தனியாக ஒரு நூலும் எழுதினார். மலையாறுகளுக்குப் போக வாய்ப்பில்லாத சமவெளி அலுவலர்களுக்கு அதுவே வழிகாட்டியாயிற்று. ஆற்றங்கரைக் கோயில்களின் படித்துறைகளில் பொரி வாங்கித் தின்னப் பழகிய மீன்கள் மனிதரை அஞ்சாது கூடும் காட்சியையும் அக்காலத்தவர் வியந்து எழுதியுள்ளனர். துங்கைக்கரையில் சிருங்கேரியும், காவிரிக்கரையில் ஹாசன் மாவட்டத்து ராமநாதபுரமும் அத்தகைய காப்பிடங்களாக இன்றும் விளங்குகின்றன. எந்தச் சட்டமும் இல்லாமல், இறைநம்பிக்கை ஒன்றாலேயே ஆற்றின் ஒரு துண்டு பாதுகாக்கப்பட்ட முறை அது.

தாமஸும், இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளராக இருந்த பிரான்சிஸ் டேயும் ஒரே கருத்தை வலியுறுத்தினர்: சிறுகண் வலைகளாலும், வாய்க்கால் மடைகளில் வைக்கப்படும் கூடைப்பொறிகளாலும், நஞ்சிட்டுக் கலக்குவதாலும் குஞ்சுகள் அழிகின்றன என்பது அது. டே மாவட்ட அலுவலர்களிடமிருந்து விவரம் திரட்டி 1873இல் அளித்த அறிக்கை, இந்நோக்கில் அமைந்த பெருந்தொகுப்பு. இம்முயற்சிகளின் தொடர்ச்சியாகவே 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் பிறந்தது. நீரில் வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன்பிடிப்பதை அது குற்றமாக்கியது. அச்சட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்காலத்து எழுத்துகளில் குற்றவாளியாக நிறுத்தப்படுவோர் பெரும்பாலும் கூடையோடு மடையில் நிற்கும் ஏழைகளே. அணைக்கட்டுகள் மீனின் வழியை மறிப்பதை டே அறியாதவர் அல்லர். கொள்ளிடத்து அணைக்கட்டுகளால் கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் மீன் தடைபடுவதை அவரே எடுத்துக்காட்டினார். இருந்தும் கூடைக்குச் சட்டம் வந்த வேகத்தில் அணைக்கு மீன்வழி வரவில்லை. வரி தரும் நீருக்கும் வரி தராத மீனுக்கும் இடையே அரசு எதைத் தேர்ந்துகொள்ளும் என்பது அன்றே தெளிவாகியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி எடைப் பதிவுகளின் காலம். 1919 டிசம்பரில் லெப்டினன்ட் கர்னல் ரிவெட்-கார்னாக் மைசூர்ப் பகுதிக் காவிரியில் 119 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மகசீரைப் பிடித்தார். விலங்குகளைப் பதப்படுத்தி உயிர்த்தோற்றத்தில் நிறுத்தும் தொழிலுக்குப் பெயர்பெற்ற மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டிவெட் வான் இங்கன், 1946 மார்ச்சில் கபினி ஆற்றில் 120 பவுண்டு மீனைப் பிடித்து அதை விஞ்சினார். தூண்டிலில் சிக்கிய மகசீர்களுள் அதுவே இன்றுவரை மிகப் பெரியதாகக் கொள்ளப்படுகிறது. அக்காலத்தில் பிடித்த மீனை விடுவிக்கும் வழக்கமில்லை. மீன் கொல்லப்பட்டு, படமெடுக்கப்பட்டு, தலையோ முழுவுடலோ சுவருக்குப் போயிற்று. அச்சுவர்ப் பொருள்களும் மங்கிய படங்களுமே பிற்காலத்தில் அறிவியலுக்குச் சான்றாக வேண்டிவந்தன.

இந்த இரு பதிவுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ஆறு மாறியது. 1911இல் தொடங்கிய கண்ணம்பாடி அணைப் பணி 1930களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. 1925இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934 ஆகஸ்டு 21 அன்று திறக்கப்பட்டு, மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. மேட்டூர் நீரால் கல்லணைக் கால்வாய் வழியாகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சுமார் 2.27 லட்சம் ஏக்கர் பாசனம் பெறும் நிலை உருவாயிற்று. மணமேல்குடிப் பகுதிக்குப் புதிய நீர் கிடைத்ததும், மேற்காவிரி மீனுக்குப் பழைய வழி மூடியதும் ஒரே பொறியியலின் இரு விளைவுகள். இதில் ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பழிப்பது நேர்மையாகாது. கடைமடை உழவரின் நெல்லும் பொய்யன்று, ஆற்று மீனின் இழப்பும் பொய்யன்று. 1974இல் கபினி அணையும் சேர்ந்தபோது, பாயும் ஆறாக எஞ்சியது முக்கியமாகச் சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே தொடங்கி ஒகேனக்கல் வழியாக மேட்டூர் நீர்த்தேக்கத்தை எட்டும் மலையிடுக்குப் பகுதியே.

விடுதலைக்குப் பின் ஆங்கிலேயத் தூண்டிற்காரர்கள் வெளியேறியதும், பெருமகசீர் அழிந்துபோயிற்று என்ற எண்ணம் மேலைநாட்டில் பரவியது. 1977இல் மூன்று இங்கிலாந்து இளைஞர்கள் தரைவழியாக இந்தியா வந்து, பல ஆறுகளில் தேடி, இறுதியில் காவிரியில் பெருமீன்களைக் கண்டனர். அச்செய்தி அங்குள்ள தூண்டில் இதழ்கள் வழியே பரவிற்று. இதற்குமுன்பே, 1972இல் பெங்களூரில் அமைந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கம், காவிரியின் ஒரு பகுதியைக் கர்நாடக அரசிடம் குத்தகைக்குப் பெற்றுக் காத்துவந்தது. பின்னர் கர்நாடக அரசின் வனச்சுற்றுலா நிறுவனம் பீமேசுவரி, தொட்டமக்களி, கலிபோரே ஆகிய இடங்களில் முகாம்கள் அமைத்தது. மீனைப் பிடித்து, எடையிட்டு, உயிரோடு மீண்டும் ஆற்றில் விடவேண்டும் என்பது இவ்விடங்களில் கண்டிப்பான விதியாயிற்று.

அம்முகாம்களின் உயிர்நாடி வழிகாட்டிகளே. ஸ்காட்லாந்து வழக்கைப் பின்பற்றி கில்லி என்று அழைக்கப்பட்ட இவர்கள், கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் ஆற்றோர ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் சிலர் முன்பு வலையாலும் வெடியாலும் திருட்டுத்தனமாக மீன்பிடித்தவர்கள். ஆற்றின் எந்தப் பாறைக்கடியில் எந்த மாதம் மீன் தங்கும் என்பதை அத்தொழிலே அவர்களுக்குக் கற்பித்திருந்தது. நீர் வடிந்து தெளியும் தை மாதம் முதல் கோடைவரை பருவம் நீளும். விடியுமுன் கேழ்வரகு மாவைக் கொதிநீரிலிட்டுக் களியாகக் கிண்டி, மணப்பொருள் சேர்த்து, கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து, எலுமிச்சை அளவுக்கும் அதற்கு மேலும் உருண்டைகளாக்குவது அன்றைய முதல் வேலை. ஓட்டத்தின் வேகத்துக்குக் களி கரைந்துபோகவும் கூடாது, கொக்கி மீனின் உதட்டில் பதியாத அளவுக்கு இறுகிவிடவும் கூடாது. இப்பதத்தை அளவுக்கோலால் சொல்ல இயலாது, வழிகாட்டியின் விரல்களே அறியும். ஆற்று நண்டும் சிறுமீனும் பிற இரைகள்.

பரிசலில் கொண்டுபோய் விடப்பட்ட பாறைத்திட்டில் விருந்தினர் அமர்ந்தபின், வேகநீரும் ஆழநீரும் சந்திக்கும் கோட்டில் இரை எறியப்படும். கோலிலிருந்து வெளியேறும் தங்கூசியை, அதாவது நைலான் நரம்பை, விரலால் பற்றியபடி மணிக்கணக்கில் இருப்பதே அடுத்த வேலை. சிறுமீன்கள் களியைக் கொத்துவதும் மகசீர் அதை உதட்டால் புரட்டுவதும் நரம்பில் வெவ்வேறாகத் தெரியும். அந்த வேறுபாட்டை உணர்ந்து இழுக்கச் சொல்பவர் வழிகாட்டி. கொக்கி பட்ட பெருமீன் நீரோட்டத்தோடு நூறு கஜத்துக்கு மேல் ஓடிப் பாறையிடுக்கில் புகுந்து நரம்பை அறுக்க முயலும்போது, பரிசலைச் சுழற்றி அப்பாறைக்கு மேலே கொண்டுசென்று, சிக்கிய நரம்பைக் கையால் விடுவிப்பவரும் அவரே. கரைசேர்ந்த மீனை, முதலைகள் உலவும் அந்நீரில் இடுப்பளவு இறங்கி நின்று பற்றி, உதட்டோரம் மெல்லிய கயிறு கோத்து, களைப்பு நீங்கும்வரை ஓடுநீரிலேயே நிறுத்திவைப்பர். பின்னர் துணித்தொட்டிலில் எடை பார்த்து, ஒரு படமெடுத்து, விடுவிப்பர். மாலையில் நாள், இடம், தூண்டிலிட்ட நேரம், மீனின் வகை, எடை ஆகியன பதிவேட்டில் ஏறும்; பிடித்தவர் பெயர் எழுதப்பட்ட இடத்தில் பிடிக்கவைத்தவர் பெயருக்கு முக்கியத்துவம் இருந்ததில்லை.

விளையாட்டைப் பெருக்க எண்ணியோரின் நல்லெண்ணமே மீனுக்குப் புதிய இடராக வந்தது. மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனத்தார் 1970களில் நடத்திய மீன்பண்ணை, அப்பகுதிக்குரிய மகசீரான நீலத்துடுப்பு மகசீரைச் செயற்கை முறையில் பெருமளவு குஞ்சு பொரிக்கவைப்பதில் வெற்றிகண்டது. அறிவியலார் பாராட்டிய அருஞ்செயல் அது. அக்குஞ்சுகள் பிற மாநிலங்களுக்கு வழங்கப்பட்டு, காவிரியிலும் விடப்பட்டன. மகசீர் என்றால் எல்லாம் ஒன்றே என்ற எண்ணத்தில், காவிரியின் திமில் மகசீர் தனியினமா என்பதை எவரும் அன்று கேட்கவில்லை. வந்த இனம் விரைவில் பெருகியது. தூண்டிலில் மீன் அடிக்கடி சிக்கியதால் ஆறு செழிக்கிறது என்றே முகாம்களில் நம்பப்பட்டது.

அந்நம்பிக்கையை உடைத்தது அவர்களுடைய பதிவேடே. 1998 முதல் 2012 வரையிலான குறிப்புகளை இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், ராபர்ட் பிரிட்டன், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவன் ஆகியோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். 23,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட தூண்டில் உழைப்பில் 6,161 மகசீர்கள் பிடிபட்டிருந்தன. எண்ணிக்கை காலப்போக்கில் உயர்ந்திருந்தது. ஆனால் பிடிபட்டவற்றுள் பெரும்பான்மை வந்தேறிய நீலத்துடுப்பு வகை. திமில் மகசீர் அரிதாகிக்கொண்டே வந்ததோடு, இளமீன்கள் தென்படாது மிகப் பெரிய முதிர்ந்தவை மட்டும் சிக்கின. இனம் பெருகவில்லை, முதுமையடைகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. காப்பதாகக் கூறியவர்களின் கண்முன்னே, அவர்களது கையெழுத்திலேயே, அழிவு பதிவாகியிருந்தது. பதிவேடு இல்லாதிருந்தால் அதுவும் தெரிந்திராது. தூண்டில் விளையாட்டை முற்றும் போற்றுவோரும் முற்றும் இகழ்வோரும் ஒருங்கே மறந்துவிடுவது இதைத்தான்.

அவ்வாய்வு வெளிவருமுன்பே விளையாட்டு நின்றுவிட்டது. முகாம்கள் அமைந்த ஆற்றுப்பகுதி 1987இல் காவிரி வனவிலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காப்பகத்துள் மீனைப் பிடித்து விடுவிப்பதும் வேட்டையே என்ற விளக்கத்தின் அடிப்படையில் 2010களின் தொடக்கத்தில் தூண்டில் தடுக்கப்பட்டது. காவல் நின்றதால் வெடிவைப்போர் திரும்பினர் என்று தூண்டிற்காரர்கள் குற்றஞ்சாட்டினர்; காப்பகம் பொழுதுபோக்குக்கு உரியதன்று என்று மறுதரப்பினர் வாதிட்டனர். இரண்டிலும் உண்மை இருப்பினும், வழிகாட்டிகளின் வருவாயும் பதிவேடும் ஒரே நாளில் முடிந்ததற்கு மாற்று ஏற்பாடு செய்யப்படாதது பெருங்குறையே. எதிர்க்கரையில் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைக் காவிரி தெற்கு வனவிலங்குக் காப்பகமாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்பட்டதையும் சேர்த்துக் கருதினால், ஆற்றின் காட்டுப்பகுதியும் கடைமடைக் கடலும் ஓராண்டில் காப்பு பெற்றன எனலாம்.

இத்தனை ஆண்டுகளாகத் திமில் மகசீருக்கு முறையான அறிவியற்பெயர் உறுதியாகவில்லை. இயற்கையியலாளர் சைக்ஸ் 1839இல் விவரித்த வேறொரு மீனின் பெயரை அதற்குச் சூட்டி நெடுங்காலம் குழம்பியிருந்தனர். அமராவதியின் கிளையாறான பாம்பாற்றில் கிடைத்த சிறுமீன்களைக் கொண்டு கேரள ஆய்வாளர்கள் விவரித்து, இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியலாளர் ரேமாதேவியின் பெயரால் டோர் ரேமாதேவி என்று பெயரிட்டிருந்த இனமும் திமில் மகசீரும் ஒன்றே என்பதை, பழைய படங்களையும் மோயாற்றில் கிடைத்த மீன்களின் மரபணுவையும் ஒப்பிட்டு 2018இல் பிண்டர் குழுவினர் நிறுவினர். அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிட்டது. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஓடும் மோயாறு இன்று அதன் முதன்மையான புகலிடம். அந்த ஆறும் 1955இல் முடிந்த பவானிசாகர் அணைக்குள் சென்று நிற்பதால், அங்குள்ள மீன்கள் காவிரியின் பழைய பெருவழிக்குத் திரும்ப வழியில்லை.